லைசன்ஸ் இருக்கிறது, மாதம் 50 தோட்டா சுடுகிறேன் – போதாதா?

கேள்வி: டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் கடை நடத்துகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு மூடிவிட்டுக் கல்லாப் பணத்தோடு கிளம்ப வேண்டியிருக்கிறது. போன வருஷம் துப்பாக்கி லைசன்ஸ் எடுத்தேன். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் 50 தோட்டா சுடுகிறேன், எல்லாம் நடுவில்தான் விழுகின்றன. இது போதாதா?

பதில்:

போதாது. அதற்காக இன்னும் நூறு தோட்டா சேர்த்துச் சுடச் சொல்லப் போவதில்லை. உங்கள் மாதச் செலவு இப்போதைவிடக் கூட வேண்டிய அவசியமே இல்லை. பிரச்சினை என்னவென்றால், நீங்கள் ரேஞ்சில் செய்கிற காரியம் வேறு, கடை வாசலில் ஒருவேளை செய்ய நேரக்கூடிய காரியம் வேறு. விசையை அழுத்துகிற கடைசிக் கணம் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. அதற்கு முன்னால் நடக்க வேண்டியவற்றை நீங்கள் ஒருமுறைகூடச் செய்து பார்த்திருக்க மாட்டீர்கள் என்றுதான் உங்கள் கேள்வியைப் படிக்கும்போது தோன்றுகிறது.

லைசன்ஸிலிருந்து ஆரம்பிப்போம். டெக்சாஸின் எல்டிசி (கைத்துப்பாக்கி உடன் வைத்துக்கொள்ளும் லைசன்ஸ்) தேர்வில் மொத்தம் 50 தோட்டா. 9 அடி தூரத்தில் 20, 21 அடியில் 20, 45 அடியில் 10. 250க்கு 175 மதிப்பெண் எடுத்தால் பாஸ். உறையிலிருந்து உருவிக் காட்டச் சொல்வதில்லை, துப்பாக்கியைக் கையில் பிடித்தபடிதான் தொடக்கம். எதிரே இருக்கும் காகிதம் நகராது. ஒருமுறை தேறிவிட்டால் புதுப்பிக்கும்போது மறுபடி சுட்டுக் காட்ட வேண்டியதும் இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது முடிந்து, சட்டத்தடை எதுவும் இல்லாதவர்கள் லைசன்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டதால், இந்த அளவுக்குக்கூடச் சுட்டுப் பார்க்காதவர்கள் ஏராளம். அந்த வகையில் நீங்கள் தேவலை. ஆனால் ஆர்டிஓ ஆபீஸில் காலை ஊன்றாமல் 8 போட்டுக் காட்டியவருக்குக் கோயம்பேடு டிராஃபிக் எவ்வளவு தெரியுமோ, எல்டிசி பாஸ் செய்தவருக்கு நிஜ மோதலைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் வைத்திருக்கிறாரே என்று கடையில் போய் நிற்காதீர்கள்.)

போலீஸே எப்படிச் சுடுகிறது என்று பாருங்கள். நியூயார்க் போலீஸின் துப்பாக்கிப் பயிற்சியை ராண்ட் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2008ல் அறிக்கை கொடுத்தது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் சுட்ட மோதல்களில் போலீஸார் சுட்ட குண்டுகளில் சராசரியாக 18 சதவீதம்தான் ஆள்மேல் பட்டிருக்கிறது. எதிராளி சுடாத சம்பவங்களில் 30 சதவீதம். இவர்கள் எல்லோரும் ரேஞ்சில் காகிதத்தைச் சுட்டுத் தேறியவர்கள்தான். மீதிக் குண்டுகள் என்ன ஆகும் என்பதை 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் பார்த்தோம். கொலை செய்துவிட்டு நடந்து போன ஒருவன் துப்பாக்கியை நீட்ட, இரண்டு போலீஸ்காரர்கள் சில அடி தூரத்திலிருந்து 16 முறை சுட்டார்கள். அவன் செத்தான். நடைபாதையில் இருந்த 9 பேர் போலீஸ் குண்டும் அதன் சிதறலும் பட்டுக் காயமடைந்தார்கள். உங்கள் கடைக்கு எதிரே அபார்ட்மெண்ட் இருக்கலாம், பெட்ரோல் போடும் குடும்பம் நின்றிருக்கலாம். போலீஸ்காரருக்குப் பின்னால் ஒரு துறையாவது நிற்கிறது. உங்கள் துப்பாக்கியிலிருந்து தப்பிப் போகும் ஒவ்வொரு குண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். 2019 டிசம்பர் 29, ஃபோர்ட் வொர்த்தை ஒட்டிய ஒயிட் செட்டில்மெண்ட் என்ற ஊரில் ஒரு சர்ச்சின் ஞாயிறு ஆராதனை நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து கோட்டுக்குள்ளிருந்து ஷாட்கன்னை எடுத்தான். சபையின் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியை எடுக்க முயன்றார். அது வெளியே வந்து நிமிர்வதற்குள் சுடப்பட்டு இறந்தார். இன்னொருவரும் இறந்தார். அதற்குள் ஜாக் வில்சன் என்ற 71 வயதுக்காரர் ஒரே குண்டில் அவனை வீழ்த்திவிட்டார். முதல் குண்டிலிருந்து எல்லாம் முடிய ஆறு வினாடி. வில்சன் ஷெரிஃப் துறையில் ரிசர்வ் டெபுடியாக (துணைக் காவலராக) இருந்தவர், பல வருஷமாகத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர். இறந்தவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. சுடப்போகிறவனுக்கு மிக அருகில் இருந்துகொண்டு எழுந்து நின்ற மனிதர் அவர். ஆனால் உயிர் போவதும் இருப்பதும் குறிபார்ப்பதற்கு முன்னாலேயே, துணிக்குள்ளிருந்து துப்பாக்கி வெளியே வருகிற அந்த இரண்டு வினாடியில் எவ்வளவு தூரம் தீர்மானமாகிவிடுகிறது என்பதற்கு அந்த வீடியோவைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அந்த இரண்டு வினாடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். டீ-ஷர்ட்டை வெளியே விட்டு, வலது இடுப்பில் பெல்ட்டுக்கு உள்ளே உறை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடது கை வயிற்றுக்குக் குறுக்கே வந்து சட்டையின் ஓரத்தைக் கொத்தாகப் பற்றி நெஞ்சுவரை தூக்க வேண்டும். பாதி தூக்கினால் துணி சரிந்து, துப்பாக்கியின் பிடிக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். வலது கை மேலிருந்து இறங்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை பிடியின் உச்சியில் அழுந்துகிற மாதிரி உட்கார வேண்டும். துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே பிடி சரியாக அமைந்துவிட வேண்டும், வெளியே வந்தபின் திருத்த நேரம் கிடைக்காது. ஆள்காட்டி விரல் விசைக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டி. நேராக மேலே உருவி, குழல் உறையைத் தாண்டியதும் முன்னால் திருப்பி, நெஞ்சருகே இடது கை வந்து சேர்ந்துகொள்ள, இரண்டு கையும் நீண்டு, கண்ணுக்கு முன்னால் குறி தெரிய வேண்டும். பழகினவர் இத்தனையையும் ஒன்றரை, இரண்டு வினாடியில் முடித்துவிடுவார். பழகாதவர் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஜனவரியில் ஜாக்கெட்டின் ஜிப்பைப் போட்டுக்கொண்டு செய்து பாருங்கள், கார் சீட்டில் பெல்ட் மாட்டியபடி செய்து பாருங்கள், அப்போது தெரியும்.

இதைப் பழக ஒரு தோட்டாகூடச் செலவழிக்க வேண்டாம். வீட்டிலேயே காலித் துப்பாக்கியை வைத்துச் செய்வதுதான் டிரை ஃபயர். நல்ல ஷூட்டர்கள் எல்லோரும் செய்வது, ரேஞ்சுக்கு மட்டும் போகிறவர்கள் யாரும் செய்யாதது. ஆனால் ஒழுங்கு தவறினால் உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்பதால் இந்த இடத்தில் மட்டும் கறாராக இருங்கள். மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியை, கழற்றுங்கள். ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பாகம்) இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள், விரலையும் விட்டுத் தடவிப் பாருங்கள். எல்லாத் தோட்டாவையும் வேறு அறைக்குக் கொண்டு போங்கள். குறிபார்க்கும் திசையில் குண்டைத் தாங்கக்கூடிய ஏதாவது இருக்கட்டும். அமெரிக்க வீட்டு ஷீட்ராக் (ஜிப்சம் அட்டை) சுவரைச் சுவராகவே நினைக்காதீர்கள், அடுத்த அறையில் பிள்ளை தூங்குகிறது. முடித்ததும் “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லி, தோட்டா போட்டு, உறையில் வைத்துவிட்டு அந்த அறையை விட்டே வெளியே வாருங்கள். தோட்டா போட்ட பிறகு “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று உருவியதில்தான் டிவியையும் ஃபிரிட்ஜையும் சுட்ட கதைகள் பிறக்கின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் டிவி.

தினமும் மேகசினைக் கழற்றி மாட்டுபவர்களுக்கு இன்னொன்று. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பத் துப்பாக்கியின் அறைக்குள் ஏற்றினால் அதன் முனைக் குண்டு கூட்டுக்குள் அமுங்கிப் போகும். அதைச் சுடும்போது அழுத்தம் அளவுக்கு மீறி எகிறும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம், வாரத்துக்கு மூன்று நான்கு நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் மொத்தமாகச் செய்தால் ஆகாதா என்றால், கைப்பழக்கம் அப்படிப் படிவதில்லை. 1978ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு எனக்குப் பிடிக்கும். தபால் துறை ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்குத் தினமும் ஒரு மணி நேரம், சிலருக்கு நாலு மணி நேரம் வரை. தினமும் ஒரு மணி நேரம் பழகியவர்கள்தான் மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் கற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த முறையில் மிகக் குறைவாகத் திருப்திப்பட்டவர்களும் அவர்களேதான். நாள்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முன்னால் போவது கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுக்கும் அந்தச் சலிப்பு வரும், சும்மா சட்டையைத் தூக்கித் தூக்கி என்ன பிரயோஜனம் என்று தோன்றும். முதல் சில நாள் வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஒவ்வொரு அசைவும் சுத்தமாக வரட்டும். அப்புறம் போனில் ஷாட் டைமர் (பீப் அடித்து நேரம் கணக்கிடும்) ஆப் போட்டு, பீப் சத்தத்துக்கு உருவிப் பழகுங்கள். விசையை அழுத்தி ‘கிளிக்’ என்ற சத்தம் வரும் நொடியில் குழல் நுனியிலுள்ள முன்குறி துள்ளுகிறதா என்று கவனியுங்கள். துள்ளினால் அந்தக் குண்டு தவறிவிட்டது என்று அர்த்தம். கடைக்கு என்ன உடுத்திப் போகிறீர்களோ அதே சட்டை, அதே பெல்ட், அதே உறை.

திரும்ப உறைக்குள் வைப்பதற்கு மட்டும் எந்த அவசரமும் கிடையாது. சட்டை ஓரமோ ஜாக்கெட் நாடாவோ விசைக்குள் மாட்டிக்கொண்டு சொந்தத் தொடையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கண்ணால் பார்த்து, மெதுவாக.

ரேஞ்சுக்குப் போகும் அந்த ஒரு நாளுக்கு வருகிறேன். பல உள்ளரங்க ரேஞ்சுகளில் உறையிலிருந்து உருவவும் வேகமாகச் சுடவும் விடமாட்டார்கள். பரவாயில்லை, உருவுவதை வீட்டில் பழகிவிட்டீர்கள். இங்கே துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்து தொடங்குங்கள். 21 அடியில் ஒரு சாதாரண இண்டெக்ஸ் கார்டை (குறிப்பெழுதும் சின்ன அட்டை) ஒட்டி, வார்ம்-அப் எதுவும் இல்லாமல், வந்ததும் முதல் தோட்டாவை அதில் சுட்டு, எங்கே பட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாற்பதாவது தோட்டா நடுவில் விழுவது உங்களுக்கு எதையும் சொல்லாது. வாசலில் உங்களுக்கு வார்ம்-அப் கிடைக்கப் போவதில்லை, கிடைப்பது அந்த முதல் குண்டு மட்டும்தான்.

அப்புறம் வெடிக்காத டம்மி தோட்டா நாலைந்து வாங்கி, உடன் வந்தவரை விட்டு மேகசினில் கலந்து போடச் சொல்லுங்கள். எது நிஜம், எது டம்மி என்று தெரியாமல் சுடும்போது, டம்மி வருகிற நேரத்தில் குழல் குபுக்கென்று கீழே இறங்குவதைப் பார்ப்பீர்கள். சத்தத்துக்கு முன்கூட்டியே கை பயப்படுவது அது. வழக்கமாகச் சுடும்போது துப்பாக்கி உதைப்பதில் இது மறைந்துவிடுகிறது. அதே டம்மி இன்னொரு வேலையும் செய்யும். சுடவில்லை என்றால் மேகசினை அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை ஓர் இழு, மறுபடி குறி. இது யோசிக்காமல் வர வேண்டும். பத்துத் தோட்டாவாவது வலது கை மட்டும், சில தோட்டா இடது கை மட்டும். ஒரு கையில் பணப்பையோ பிள்ளையின் கையோ இருக்கும்போது இரண்டு கைப் பிடி எங்கே வரப்போகிறது? 45 அடியில் கொஞ்சம். ஐம்பது முடிந்துவிட்டது பாருங்கள்.

பயிற்சிக்கு விலை குறைந்த தோட்டா சரிதான். ஆனால் இடுப்பில் வைத்திருக்கும் தற்காப்புத் தோட்டாவையும் அவ்வப்போது ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள். 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் என்ற இடத்தில் நெடுஞ்சாலைப் போலீஸார் நால்வர் ஐந்து நிமிஷத்துக்குள் கொல்லப்பட்ட பிறகு எழுந்த விமர்சனங்களில் ஒன்று, பயிற்சியில் இலேசான .38 தோட்டாவும் பணியில் பலமாக உதைக்கும் .357 தோட்டாவும் கொடுத்திருந்தார்கள் என்பது. இறந்தவர்களில் ஒருவரின் பாக்கெட்டில் காலிக் கூடுகள் இருந்தன, ரேஞ்ச் பழக்கத்தில் பொறுக்கிப் போட்டுக்கொண்டார் என்று பல வகுப்புகளில் இன்றும் சொல்வார்கள். பின்னாளில் ஆவணங்களைத் தோண்டியவர்கள் அது உண்மையில்லை என்கிறார்கள். நல்ல கதை என்பதால் சாகவே மாட்டேன் என்கிறது.

தூரத்தைப் பற்றி அடிக்கடி சண்டை நடக்கும். 2022 ஜூலை 17, இண்டியானாவின் கிரீன்வுட் பார்க் மாலில் எலைஷா டிக்கன் என்ற 22 வயது இளைஞர், ரைஃபிளோடு வந்தவனைச் சுமார் 120 அடி தூரத்திலிருந்து கைத்துப்பாக்கியால் 10 முறை சுட்டார். 8 குண்டு பட்டது. போலீஸிலோ ராணுவத்திலோ இருந்தவரல்ல, தாத்தா சொல்லிக்கொடுத்தது என்றார்கள். இதைப் பார்த்துவிட்டு 120 அடியில் பயிற்சி எடுக்க ஒரு கூட்டம் கிளம்பியது. எடுக்கட்டும். ஆனால் எஃப்பிஐயே 2013ல் தன் தகுதித் தேர்வை மாற்றியபோது, பெரும்பகுதித் தோட்டாக்களைக் கிட்டத்துத் தூரங்களுக்குக் கொண்டுவந்தது. கடையை மூடுகிறவரிடம் வழிப்பறிக்கு வருபவன் பேச்சுக் கொடுக்கும் தூரத்தில்தான் வருவான். 9 அடி, 15 அடி, 21 அடி உங்கள் கையில் இருக்கட்டும், மற்றதெல்லாம் பிறகு.

அந்த 21 அடிக்கு ஒரு கணக்கு உண்டு. சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர், கத்தியோடு நிற்கும் சராசரி ஆள் 21 அடியை ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுவான் என்று நேரம் பார்த்து 1983ல் எழுதினார். உங்கள் உருவும் நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலர் இதை ‘21 அடிக்குள் வந்தால் சுடலாம்’ என்ற சட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள், தப்பு. அது நேரக் கணக்கு மட்டுமே. நின்ற இடத்திலேயே நின்று உருவினால் தோற்பீர்கள், காரைச் சுற்றி நகருங்கள், நடுவில் ஒரு தடை இருக்கட்டும் என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. எனவே வீட்டுப் பயிற்சியில் பீப் சத்தத்துக்கு ஓர் அடி பக்கவாட்டில் வைத்துக்கொண்டே உருவுங்கள்.

சுடாமல் விடுவதையும் பழக வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. பீப் சத்தம் கேட்டால் உருவு, சுடு என்று மட்டுமே கை பழகினால் அதுவும் ஆபத்துதான். மனைவியையோ நண்பரையோ நிற்கவைத்து, “சுடு” என்றோ “போன்” என்றோ சொல்லச் சொல்லுங்கள். “போன்” என்றால் எதிரே இருப்பவன் கையில் இருப்பது வெறும் போன் என்று அர்த்தம், உருவிய துப்பாக்கி பாதியிலேயே தாழ வேண்டும், விரல் விசைக்குப் போகவே கூடாது. குழல் அவர் பக்கம் திரும்பாத இடத்தில் அவர் நிற்கட்டும். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் ஒன்பதாவது அத்தியாயத்தில் இருக்கிற ‘உடனடித் தேவை’, ‘நியாயமான நம்பிக்கை’ என்பதெல்லாம் அந்த அரை வினாடியில் நீங்கள் எடுக்கும் முடிவைப் பற்றியதுதான். ஒரு வழக்கறிஞரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து உங்கள் கடைச் சூழ்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு பாக்கெட்டில் பெப்பர் ஸ்ப்ரே வையுங்கள். குடித்துவிட்டுச் சச்சரவு பண்ணுகிறவனுக்குத் துப்பாக்கி பதில் இல்லை.

முடிந்தால் வருஷத்துக்கு நாலைந்து தடவை ஐடிபிஏ என்ற தற்காப்புத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போய் வாருங்கள். 1996ல் தொடங்கிய அமைப்பு இது, டெக்சாஸில் நிறையக் கிளப் உண்டு. சட்டைக்குள்ளிருந்து உருவ வேண்டும், மறைவிலிருந்து சுட வேண்டும், சுடக்கூடாத ஆள்களின் உருவமும் நடுவில் நிற்கும், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், டைமர் ஓடும். அது விளையாட்டுதான், சண்டை இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சரி, விளையாட்டுதான். ஆனால் நாலு பேர் முன்னால் கை நடுங்கும்போது என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கடைசியாக, சுட்ட பிறகு. 2021 ஜூன் 21, கொலராடோவின் ஆர்வாடாவில் ஒரு போலீஸ் அதிகாரியைக் கொன்றவனை ஜானி ஹர்லி என்ற பொதுஜனம் சுட்டு வீழ்த்தினார். பிறகு கொலையாளியின் ரைஃபிளை எடுத்துக் கையில் வைத்திருந்தபோது, அங்கே வந்த போலீஸ்காரர் அவரைக் கொலையாளி என்று நினைத்துச் சுட, ஹர்லியும் இறந்தார். உங்கள் கடை வாசலுக்கு வரும் போலீஸுக்கு நீங்கள் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு பழுப்புத் தோல்காரர், அவ்வளவுதான். ஆகவே பயிற்சி ‘கிளிக்’ சத்தத்தோடு முடியக்கூடாது. சுற்றும் பார்ப்பது, ஆபத்து தீர்ந்தது என்றால் துப்பாக்கியை உறையில் வைப்பது, கைகள் வெளியே தெரிய நிற்பது, 911க்குப் போன் பண்ணுவது எல்லாம் அதன் பகுதி. முகவரி, என்னைத் தாக்க வந்தான், சுட வேண்டியதாயிற்று, ஆம்புலன்ஸ் அனுப்புங்கள், நான் இன்ன நிறச் சட்டை போட்டிருக்கிறேன், துப்பாக்கி உறையில் இருக்கிறது. இந்த ஆறு விஷயத்தையும் இங்கிலீஷில், சத்தமாக, வீட்டில் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில்லை, பதற்றத்தில் நம் வாயில் தமிழ்தான் முதலில் வரும். கடையில் உங்களோடு மனைவியும் நிற்கிறார் என்றால் அவரையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், போன் அவர் கையில் இருக்க வாய்ப்பு அதிகம்.